கிரெட்டா விலையில் கயென் கிடைக்கிறதே, வாங்கலாமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். ஒரு காலத்தில் கோடிக்குப் பக்கத்தில் விற்ற எஸ்.யூ.வி. இப்போது 15, 20 லட்சத்துக்கு வருகிறதே, எடுக்கலாமா, எடுத்தால் எதில் மாட்டுவோம் என்று. அதனால் பக்கம் முழுவதும் அதற்கே. சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யாருக்குமே பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

கோவை வாசகர்: 2006 மாடல் போர்ஷே கயென் எஸ், வி8 பெட்ரோல், 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. புது கிரெட்டாவுக்கு வைத்திருக்கும் பணத்தில் வந்துவிடும். ஓட்டிப் பார்த்தேன், அந்த சத்தத்திலேயே விழுந்துவிட்டேன். வீட்டில் திட்டுகிறார்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: வீட்டில் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வண்டி விலை இறங்கும், சாமான் விலை இறங்காது. 2006-ல் வாங்கியவர் எந்த விலைப்பட்டியலைப் பார்த்தாரோ அதைவிடக் கனமான ஒன்றைத்தான் நீங்கள் பார்க்கப்போகிறீர்கள். சரி, வண்டிக்கு வருவோம்.

உங்கள் வண்டியில் இருப்பது 4.5 லிட்டர் வி8, 340 குதிரைசக்தி. அதன் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில், காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) போகும் குழாய்களை பிளாஸ்டிக்கில் போட்டிருக்கிறார்கள். இன்ஜினிலேயே சூடு அதிகமாகத் தேங்கும் இடம் அது. பத்து வருடம் வெந்த பிளாஸ்டிக் என்ன ஆகும்? கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உடையும். கசிவு ஆரம்பித்தால் மேலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது, கூலன்ட் அந்தப் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, ஸ்டார்ட்டர் மோட்டாரை நனைத்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். பலர் கியர்பாக்ஸ் ஒழுகுகிறது என்று நினைத்து அங்கே செலவு செய்வார்கள். ஸ்டார்ட்டர் போய்விட்டது, செல்ஃப் எடுக்கவில்லை என்று ஒரு கயென் மலிவாக விலைக்கு வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஹைவேயில் போகும்போது குழாய் உடைந்தால் கொஞ்ச நேரத்தில் கூலன்ட் காலி. அப்போதும் ஊர் பக்கம்தானே என்று ஓட்டினால் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிடும். போர்ஷேவே பிறகு இதற்கு அலுமினியக் குழாய்கள் கொடுத்தது, ஆகவே நீங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பைப் மாற்றியாச்சா, பில் எங்கே? வாய்வார்த்தை வேண்டாம். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அடுத்து சிலிண்டர் சுவர். இந்த இன்ஜினில் தனியாக இரும்பு லைனர் (உள் உறை) கிடையாது, சிலிக்கான் கலந்த அலுமினியத்தையே பதப்படுத்தி சுவராக விட்டிருக்கிறார்கள். அதில் கீறல் விழுந்தால் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், ஒரு பக்கத்தில் டக் டக் என்று தட்டும் சத்தம் வரும், ஒரு பக்க சைலன்சர் வாய் மட்டும் இன்னொன்றைவிடக் கறுப்பாக இருக்கும். குளிர் நாடுகளில்தான் இது அதிகம், நம் ஊர் வெயில் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவி செய்கிறது. இருந்தாலும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று விற்பவர் மறுத்தால், டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஓட்டும்போது, சிக்னலில் இருந்து மெதுவாக எடுக்கையில் தரைக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு அதிர்வு வருகிறதா? அது இன்ஜின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங். பேரிங் நன்றாகவே இருக்கும், அதைப் பிடித்திருக்கும் ரப்பர்தான் கிழிந்திருக்கும். கம்பெனியில் ஷாஃப்டையே மாற்றச் சொல்வார்கள், வெளியே அந்த ரப்பரோடு பேரிங் மட்டும் தனியாகக் கிடைக்கும். வெளிநாட்டு ஓனர்கள் சிலர் ரப்பர் ஹோஸ் துண்டை இடுக்கில் செருகி பிளாஸ்டிக் டேக் கட்டி வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் நான் பரிந்துரைக்கவில்லை.

பேட்டரி முன் சீட்டுக்கு அடியில். சன்ரூஃபின் தண்ணீர் வடியும் ட்யூப் அடைத்தால் தண்ணீர் நேராக உள்ளே இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியில் தங்கும், வயரிங்கும் அங்கேதான். இரண்டு பக்கமும் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். கடைசியாக ஆர்.சி. 15 வருடம் முடிந்த வண்டி இது, புதுப்பித்திருக்கிறார்களா? இறக்குமதி செய்த காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 40,000 ரூபாய் ஆனது, 20 வயது தாண்டிய இறக்குமதி காருக்கு 2025 ஆகஸ்டில் 80,000 ஆக்கினார்கள். உங்கள் வண்டி அந்தக் கோட்டில் நிற்கிறது.

பைப் பில்லும் சென்டர் பேரிங் பில்லும் இருந்து, சிலிண்டர் சுத்தமாக இருந்தால் வாங்குங்கள். வண்டி விலையில் பாதியாவது தனியாக பேங்கில் கிடக்கட்டும்.

ஈரோடு வாசகர்: 2012 ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் 3.0 டீசல் பார்த்து வைத்திருக்கிறேன். எங்கள் மெக்கானிக் அண்ணன், "தம்பி, அது பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்காதே" என்கிறார். அவ்வளவு மோசமா?

பதில்: அண்ணன் சொல்வது பாதி சரி. அந்த வண்டி ஓட்டுவதற்கு அற்புதம், அதனால்தான் இவ்வளவு கெட்ட பெயரையும் தாண்டி விற்கிறது.

3.0 டீசலில் பயப்பட வேண்டியது கிராங்க்ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு. பேரிங் சுற்றிக்கொண்டு கிராங்க் போய்விடும், பெரும்பாலும் முன்னெச்சரிக்கை எதுவும் இல்லாமல். எல்லா வண்டியிலும் நடப்பதில்லை, ஆனால் நடந்தால் இன்ஜினே போச்சு. உங்களால் செய்ய முடிந்த ஒரு சோதனை இருக்கிறது: ஆயில் மாற்றுவதுபோல் ஃபில்டரைக் கழற்றுங்கள், உள்ளே காகித மடிப்பு இருக்கும், அதைப் பிரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுப்பாகத் தகரத்தூள் தெரிந்தால் வேறு வண்டி பாருங்கள். ஆயில் மாற்றிய பில்களின் தேதிகளும் முக்கியம். கம்பெனி புத்தகத்தில் சொன்ன நீண்ட இடைவெளியை அப்படியே பின்பற்றியவரின் வண்டியைவிட, 8,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிய சந்தேகப்பிராணியின் வண்டிதான் நமக்கு வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள்; இன்ஜினுக்கு முன்னால் ஒன்று, பின்னால் டீசல் பம்புக்கு ஒன்று, இரண்டும் கி.மீ. ஓடாவிட்டாலும் வயதாகித் தளர்பவை. முன்னால் உள்ளதை மட்டும் மாற்றிவிட்டுப் பின்னால் உள்ளதை மறப்பது நம் ஊர் வழக்கம்.

ஏர் சஸ்பென்ஷனைச் சோதிக்க மெக்கானிக்கே தேவையில்லை. சாயங்காலம் சமதரையில் நிறுத்தச் சொல்லி, நான்கு வீல் ஆர்ச்சும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கத்து சஸ்பென்ஷன் ஏர் பேக்கில் (ஸ்பிரிங்குக்குப் பதில் இருக்கும் காற்றுப் பை) கசிவு. பிறகு ஸ்டார்ட் செய்து உயரமான நிலைக்குத் தூக்கச் சொல்லி, எவ்வளவு நேரம் எடுக்கிறது, கம்ப்ரெஸர் எப்படிக் கத்துகிறது என்று கேளுங்கள். இதில் பலர் ஏமாறும் இடம் என்னவென்றால், கம்ப்ரெஸர் புதுசு சார் என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். கசியும் பேக்கை அப்படியே விட்டதால் கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடி எரிந்திருக்கும், பேக்கை விட்டுவிட்டு கம்ப்ரெஸரை மட்டும் மாற்றியிருப்பார்கள், புதியதும் சில மாதங்களில் அதே வழியில் போகும். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க மறக்காதீர்கள்.

ஹேண்ட் பிரேக் எலக்ட்ரானிக், அதைப் போட்டு எடுக்கும்போது பின்னாலிருந்து கிறீச்சென்று அலறினால் அதற்கும் ஒரு செலவு வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்சார்ஜ்டு 5.0 பெட்ரோல் யாராவது காட்டினால், 2010-ல் இருந்து 2012 வரை வந்தவற்றில் டைமிங் செயினை இறுக்கி வழிநடத்தும் டென்ஷனரும் கைடும் தேய்வது பெரிய பிரச்சினை. இரவு முழுக்க நின்ற இன்ஜினைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து, முன்பக்கத்தில் செயின் உரசும் கரகர சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.

சென்னை வேளச்சேரி வாசகர்: 2019 பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5, இன்ஷூரன்ஸ் ஏலத்தில் எடுத்து "ஃபுல் ரெடி" செய்தது என்கிறார்கள். வெளி விலையைவிட 10 லட்சம் குறைவு. வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்குமோ?

பதில்: நீங்கள் இருக்கும் ஊரிலேயே பதில் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் பகுதியில் பேஸ்மென்ட்டில் நின்ற கார்கள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? இன்ஷூரன்ஸ் கம்பெனி "டோட்டல் லாஸ்" போட்டுப் பணம் கொடுத்த பிறகு அவை ஏலத்துக்குப் போய், கழுவி, வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ முளைக்கின்றன.

சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். மேல் பகுதியைக் கழுவியிருப்பார்கள், சுருளின் கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, அடியில் உள்ள போல்ட்டுகளைப் பாருங்கள், ஐந்தாறு வருட வண்டியில் அவை துருப்பிடிக்க வேண்டிய காரணமே இல்லை. டிக்கி தரையைத் தூக்கிப் பாருங்கள், பி.எம்.டபிள்யூ.வில் பேட்டரி பின்னால்தான். உள்ளே நல்ல வாசனை தூக்கலாக அடித்தால் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றி, வெயிலில் அரை மணி நேரம் விட்டு மறுபடி ஏறுங்கள்.

ஆனால் இதெல்லாம் மேலோட்டம்தான். இன்ஜினில் தண்ணீர் போயிருந்தாலும் பிரித்துச் சரிசெய்துவிடலாம். எலக்ட்ரானிக் பெட்டிகளும் வயர் இணைப்புகளும்தான் தீராத தலைவலி, தண்ணீர் பட்ட செம்புக் கம்பி உள்ளேயே பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ஹெட்லைட், இன்னொரு நாள் கியர் என்று ஒவ்வொன்றாகக் காட்டும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் எந்த ஸ்கேனரில் இன்று எர்ரர் இல்லையென்று காட்டினாலும் அதற்கு அர்த்தமில்லை. பத்து லட்சம் குறைவு என்பது பெரிய தள்ளுபடி மாதிரி தெரியும், இந்த ரக வண்டியில் அது வயரிங் வேலைக்கே காணாது. என் கருத்து, வேண்டாம். சேசிஸ் நம்பரை வைத்துப் பழைய இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரம் கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் பேச்சை நிறுத்திவிடலாம்.

மதுரை வாசகர்: டெல்லியில் மெர்சிடிஸ் எம்.எல். 350 சி.டி.ஐ. டீசல் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். புரோக்கர் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார்.

பதில்: டெல்லியில் விலை குறைவுக்குக் காரணம் வண்டி இல்லை, சட்டம். 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியை அங்கே ஓட்டக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது (2025-ல் அதே நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது). அதனால் வயது நெருங்கியதும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அந்த வகையில் நியாயமான மலிவுதான். ஆனால் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), பேங்க் கடன் இருந்திருந்தால் அதை முடித்த படிவம் 35, இங்கே வயதைப் பார்த்துக் கணக்கிடும் ரோடு டாக்ஸ், மறுபதிவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பாதி விலை முக்கால் விலை ஆகிவிடும். என்.ஓ.சி. கையில் வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியது ஆயில் கூலர் சீல். 3.0 லிட்டர் வி6 டீசல், கயெனில் பைப் இருந்த மாதிரி இதில் ஆயில் கூலர் இரண்டு வரிசைக்கும் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் அடியில் சில ரப்பர் சீல்கள். அவை கெட்டிப்பட்டுக் கசிந்தால் ஆயில் பின்பக்கம் இறங்கி, கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது என்று தோன்ற வைக்கும். சீலின் விலை ஒன்றுமில்லை, அதை மாற்ற டர்போ, இன்டேக் என்று மேலே உள்ள அத்தனையையும் இறக்க வேண்டும், கூலி அதற்குத்தான். இறக்கும்போது டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயின் சீலையும் மாற்றச் சொல்லுங்கள், அது கசிந்தால் ஆயில் நேராகக் கீழே உள்ள சின்ன மோட்டாரின் தலையில் சொட்டி அதைக் கொன்றுவிடும், வண்டி பவர் இல்லாமல் தள்ளாடும். பல ஷெட்டுகளில் அந்த மோட்டாரை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

திருச்சி வாசகர்: கியர்பாக்ஸ் ஆயில் "லைஃப்டைம்", மாற்றவே வேண்டாம் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: யாருடைய லைஃப் என்று கேளுங்கள். ரேஞ்ச் ரோவர், பி.எம்.டபிள்யூ. இரண்டுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000-ல் இருந்து 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. ஆறு கியர் பாக்ஸில் ஃபில்டர், ஆயில் தங்கும் பிளாஸ்டிக் தட்டான சம்ப்புடனே சேர்ந்து வரும், ஆகவே சம்ப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டதால் இரண்டாவது, மூன்றாவது கியருக்கு ஏறும்போது உதை வரும் வண்டிக்கு, ஆயில் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாக்குறுதியை நம்பி மட்டும் வாங்காதீர்கள். சில சமயம் சரியாகும், சில சமயம் கியரை மாற்றும் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடி வரை போகும்.

துபாய் வாசகர்: இங்கே 2009 எம்.எல். 63 ஏ.எம்.ஜி. சல்லிசாகக் கிடைக்கிறது. அமெரிக்க வண்டி வேண்டாம், ஜி.சி.சி. (வளைகுடா நாடுகளுக்கென்று விற்ற) வண்டியாகப் பார் என்கிறார்கள் நண்பர்கள். இதுவும் அமெரிக்காவில் செய்ததுதானே?

பதில்: நல்ல கேள்வி. எம்.எல். வண்டியை அலபாமாவில்தான் கட்டினார்கள், வளைகுடாவுக்கு வந்ததும் அங்கிருந்துதான். ஆகவே எங்கே செய்தது என்று பார்க்காதீர்கள், முதலில் எங்கே விற்றது என்று பாருங்கள். அமெரிக்காவில் விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்டு, இன்ஷூரன்ஸ் கழித்துக்கட்டி, கப்பலேறி வந்து துபாயில் டிங்கரிங், பெயிண்ட் பார்த்து விற்பவைதான் பிரச்சினை. சேசிஸ் நம்பரை கார்ஃபேக்ஸ் என்ற அமெரிக்க இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அமெரிக்க வரலாறு வந்துவிடும். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் உள்ளே ஏர்பேக் இருக்குமா என்பதே சந்தேகம்.

இன்ஜின் விஷயம் தனி. 6.2 லிட்டர் வி8, 510 குதிரைசக்தி, ஏ.எம்.ஜி.யின் அஃபால்டர்பாக் ஆலையில் ஒரே ஆள் முழு இன்ஜினையும் பூட்டிக் கையெழுத்துத் தகடு பதிப்பார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து மயங்குபவர்கள் ஹெட் போல்ட்டைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஆரம்ப வருடங்களில் போட்ட போல்ட்டுகள் அரித்து உடைகின்றன, உடைந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைவதும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு சிலிண்டர் தடுமாறுவதும் அடையாளம். பிறகு வந்த போல்ட் வேறு. ஹெட்டை இறக்காமலே ஒவ்வொன்றாகப் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டும் வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அந்த பில் இருந்தால் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் லிஃப்டரும் தேய்ந்து டிக் டிக் என்று ஓயாமல் கேட்கும் வண்டி என்றால், எவ்வளவு சல்லிசு என்றாலும் சல்லிசு இல்லை.

சேலம் வாசகர்: கயெனில் மஞ்சள் நிற பிரேக் காலிப்பர். செராமிக் பிரேக் சார், அதற்கே தனி விலை என்கிறார் விற்பவர்.

பதில்: காலிப்பரை விடுங்கள், அது வெறும் கவ்வி, அது கவ்வும் டிஸ்க்கைப் பாருங்கள். செராமிக் டிஸ்க் சாம்பல் நிறத்தில், நார் நாராகக் கலந்த மாதிரி தெரியும், பளபளக்காது. பளபளவென்று இரும்பு மின்னினால் யாரோ மஞ்சள் ஸ்ப்ரே வாங்கியிருக்கிறார்கள். உண்மையிலேயே செராமிக் என்றால் விலையைக் கூட்டாமல் குறைக்கச் சொல்லுங்கள், டிஸ்க் ஓரம் உடைந்திருந்தால் மாற்றுகிற செலவில் நல்ல செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் வரும்.

திருநெல்வேலி வாசகர்: 2014 மாடல், மீட்டரில் 42,000 கி.மீ. சர்வீஸ் ஹிஸ்டரி இல்லை. மீட்டரைக் குறைத்திருப்பார்களா?

பதில்: மீட்டரை மட்டும் குறைப்பது எளிது, எல்லா இடத்திலும் குறைப்பது கஷ்டம். இந்த ரக வண்டிகளில் கி.மீ. கணக்கு ஒரே பெட்டியில் இருப்பதில்லை. பி.எம்.டபிள்யூ.வில் சாவியிலேயே பதிவாகும். போர்ஷேயில் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று இன்ஜின் கம்ப்யூட்டர் எண்ணி வைத்திருக்கும். கி.மீ.யை அந்த மணியால் வகுங்கள். 42,000 கி.மீ.க்கு 5,000 மணி நேரம் என்று காட்டினால் சராசரி வேகம் மணிக்கு 8.4 கி.மீ. மாட்டுவண்டியே கொஞ்சம் முயற்சி செய்தால் எட்டிவிடும். அந்தந்தக் கம்பெனியின் சொந்த ஸ்கேனர் வேண்டும். 2,000 ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனர் இதைக் காட்டாது.

தஞ்சாவூர் வாசகர்: பெட்ரோல் வண்டி எடுத்தால் இப்போதைய எத்தனால் பெட்ரோல் ஒத்துவருமா?

பதில்: 20 சதவீத எத்தனால் இப்போது எல்லா பங்க்கிலும் வந்துவிட்டது. பழைய ஐரோப்பிய வண்டிகளைச் செய்தது அதற்காக இல்லை. முதலில் பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள், எத்தனை ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்) என்று இருக்கும், சிலவற்றில் எத்தனை சதவீத எத்தனால் வரை என்றும் எழுதியிருக்கும். இந்த ரக இன்ஜின்கள் 95-க்குக் குறையாமல் கேட்பவை, அதைவிட அதிகம் கேட்டால் விலை கூடிய பெட்ரோல்தான் போட வேண்டும். அந்தக் கூடுதல் விலையை மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைய நாள் ஓட்டாமல் நிறுத்துபவர் என்றால் டேங்க்கைப் பாதியில் விடாதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்: எல்லாவற்றையும் பயமுறுத்துகிறீர்கள். 30 லட்சம் இருக்கிறது, வேகமான வண்டி வேண்டும், நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?

பதில்: 2010-க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறை கயெனில் 3.0 டீசல். ஆடி கியூ7-ல் இருக்கும் அதே குடும்பத்து இன்ஜின், அதனால் சாமானும் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்கள். குறை இல்லாமல் இல்லை. டைமிங் செயின் இன்ஜினுக்குப் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது, சத்தம் வந்தால் இன்ஜினை இறக்கித்தான் வேலை. காலை ஸ்டார்ட்டைக் கேட்காமல் வாங்காதீர்கள். இன்னொன்று, 2016-ல் கயென், டுவாரெக் இரண்டையும் பிரேக் பெடல் பூட்டியிருக்கும் இடத்தில் ஒரு கிளிப் கழலலாம் என்று உலகம் முழுக்க சுமார் 8 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2011-2016 வண்டியாக இருந்தால் சேசிஸ் நம்பரைக் கொடுத்து அது முடிந்ததா என்று கேளுங்கள். இதற்குக் காசு கிடையாது.

தொடமாட்டேன் என்று சொல்வது 2010-ஐ ஒட்டி வந்த பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 வி8 டர்போ பெட்ரோல். இரண்டு டர்போவையும் வி-யின் நடுவிலேயே வைத்துவிட்டார்கள், சூட்டில் வால்வு சீல்கள் கெட்டிப்பட்டு ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும். 2014 டிசம்பரில் பி.எம்.டபிள்யூ. அமெரிக்காவில் இந்த இன்ஜினுக்கென்றே தனிப் பராமரிப்புத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அமெரிக்க வெயிலே தாங்காததை நாகர்கோவில் மே மாதத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓசூர் வாசகர்: பின்னால் இரண்டு டயர் மட்டும் புதுசு, முன்னால் வேறு பிராண்ட், கொஞ்சம் தேய்ந்தது. மற்றபடி வண்டி தங்கம். டயர்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் டயர் வெறும் டயர் இல்லை. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே சுற்றளவில் இல்லையென்றால் நடுவில் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்தை ஓயாமல் விழுங்கிக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் தேயும். எத்தனை மாதம் அப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது. மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள், வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இழுத்து இழுத்து விட்டால் சந்தேகம் உறுதி. அப்புறம் 20-ல் இருந்து 40 கி.மீ. வேகத்துக்குள் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள், குலுக்கல் வந்தால் கியர்பாக்ஸ் என்பார்கள், இரண்டாம் தலைமுறை கயெனில் பெரும்பாலும் அது டிரான்ஸ்ஃபர் கேஸ்தான். ஆயில் மாற்றிச் சரியாவதும் உண்டு, முழுதாக மாற்ற வேண்டி வருவதும் உண்டு. இரண்டு சோதனையிலும் வண்டி சுத்தமாக வந்தால், நான்கு புது டயர் விலையைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள். டயர் ஓரத்தில் கடைசி நான்கு எண்ணையும் பார்த்துவிடுங்கள், 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பின்னால் உள்ள "புது" டயரிலும் பாருங்கள்.